பேசியலுக்குப் பின் முகம் எரிகிறதா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் வன்னியில், ஏ-9 வீதியோரத்தில் ஒரு சிறிய மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கடை மூடும் நேரம் பார்த்து, துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு வரும் பெண்கள் இப்போது கூடிவிட்டார்கள். இளைஞர்களும் வருகிறார்கள். பேசியல் செய்தேன், பிளீச் போட்டேன், வவுனியாவில் பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது) செய்தேன், யாழ்ப்பாணம் போய் லேசர் எடுத்தேன் என்று தொடங்கி, “எரிகிறது, பூசுவதற்கு ஏதாவது தாருங்கள்” என்று முடிப்பார்கள். சிகிச்சையால் கெட்ட முகங்களைவிட, அதன்பின் பதற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியதால் கெட்ட முகங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையில்தான் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

அக்கா, இன்று காலை பேசியலும் பிளீச்சும் செய்தேன். முகம் தீயாக எரிகிறது. இப்போதே என்ன செய்ய வேண்டும்?

முதலில் கழுவுங்கள். பிளீச்சில் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அமோனியாவும் இருக்கின்றன. காதோரத்திலும் மூக்கின் அடியிலும் நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலும் கொஞ்சம் ஒட்டியிருந்தால்கூட அது எரித்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த நீரை அள்ளி அள்ளி ஊற்றுங்கள். சவர்க்காரம் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். துவாயால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குள் போயிருந்தால் 20 நிமிடம் ஓடும் நீரில் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்தது குளிர் ஒத்தடம். ஐஸ் கட்டியை முகத்தில் நேரே வைக்கக் கூடாது. எரிந்த தோலில் அது இன்னொரு காயத்தை உண்டாக்கும். கொதிக்கவைத்து ஆறிய நீரை மண்குடத்தில் ஊற்றி வைத்தால் அதுவே போதும். குடத்தின் சுவரில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்கிறது. நொந்த முகத்துக்கு அந்தக் குளிர் அளவானது, மின்சாரம் நின்றாலும் கிடைப்பது. பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறியபின் குடத்து நீரில் நனைத்துப் பிழிந்து, முகத்தில் 10 நிமிடம் வையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் வைக்கலாம். நாளுக்கு நான்கைந்து தடவை செய்யலாம்.

ஒத்தடம் எடுத்ததும் முகம் ஈரமாக இருக்கும்போதே மணமில்லாத ஈரப்பூச்சையோ வெள்ளை வசிலினையோ மெல்லிதாகத் தடவுங்கள். முகப்பரு அடிக்கடி வருபவர்கள் வசிலினைத் தவிர்த்து, பிசுபிசுப்பில்லாத ஈரப்பூச்சைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடி (அரிப்பு) தாங்க முடியாவிட்டால் பெரியவர்கள் செற்றிரிசின் 10 மி.கி. மாத்திரை ஒன்றை இரவில் எடுக்கலாம். தூக்கம் வரக்கூடும் என்பதால் அதை எடுத்தபின் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். வலிக்குப் பரசிற்றமோல் போதும்.

அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். டோனர், ஸ்க்ரப், விற்றமின் சி சீரம், பருவுக்குப் பூசும் கிறீம், முகப் பவுடர் எல்லாவற்றையும் எரிவு முற்றாக நின்று ஒரு வாரம் ஆகும்வரை எடுத்து வைத்துவிடுங்கள். தோலின் மேலடுக்கு நம் வளவின் வேலியைப் போன்றது. வேலி பிய்ந்து கிடக்கும்போது மாடும் வரும், ஆடும் வரும். நேற்றுவரை ஒன்றும் செய்யாத பூச்சுகூட இன்று உள்ளே புகுந்து எரிப்பது அதனால்தான். வேலியைத் தோல் தானே கட்டிக்கொள்ளும். அதற்கு நாம் சில நாள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

எங்கள் கிணற்று நீரில் சவர்க்காரமே நுரைக்காது. அதில் முகம் கழுவலாமா?

வன்னியில் பல இடங்களின் நிலத்தடி நீர் கல்சியம் கூடிய கடின நீர். தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். இந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் கரையாத படிவாக மாறித் தோலில் தங்கிவிடுகிறது. நல்ல தோலுக்கே அது வறட்சி. உரிந்த தோலுக்கு உறுத்தல். ஆகவே நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போது கடினத்தன்மையில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும், கிருமியும் அழியும். சிறுநீரக நோய்க்குப் பயந்து சுத்திகரித்த நீரை வாங்கிக் குடிக்கும் கிராமங்கள் நம்மிடம் பல உண்டு. அங்கே இருப்பவர்கள் நாலு நாளைக்கு அதிலிருந்து ஒரு செம்பு முகத்துக்கும் ஒதுக்கலாம்.

சவர்க்காரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. குளியல் சவர்க்காரக் கட்டிகள் பெரும்பாலும் 9, 10 அளவில் காரமானவை. முதல் மூன்று நாள் வெறும் நீரே போதும். பிறகு மணமில்லாத, நுரை குறைந்த முகக் கழுவி ஒன்றை இரவில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்துங்கள். பீல், நுண்ணூசிச் சிகிச்சை (சிறு ஊசிகளால் தோலைக் குத்துவது) செய்தவர்கள் தோல் மூடும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் முழுக வேண்டாம். இரணைமடு வாய்க்காலில் இறங்காமல் ஒரு வாரம் இருப்பது இங்கே பலருக்குக் கடினம் என்று தெரியும். ஆனாலும் புண்பட்ட முகத்துக்கு அந்த நீர் ஆகாது.

எத்தனை நாளில் மாறும்? எது இயல்பு, எது இயல்பில்லை?

திரெடிங் செய்த எரிவு சில மணித்தியாலத்தில் அடங்கிவிடும். வக்ஸ் ஒன்றிரண்டு நாள். சாதாரண பேசியல் மறுநாள் காலைக்குள். பிளீச்சின் எரிவு அன்றிரவே தணிய வேண்டும். மறுநாளும் எரிந்தால் அது தோல் வெந்ததாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். லேசரால் மயிர் அகற்றினால் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிறு வீக்கம் தெரியும். ஒன்றிரண்டு நாளில் அது அமர்ந்துவிடும். நுண்ணூசிச் சிகிச்சைக்குப் பின் வெயிலில் வெந்ததுபோல் மூன்று நாள்வரை இருக்கலாம். மேலோட்டமான பீல் என்றால் முதலிரண்டு நாள் முகம் இறுகும், மூன்றாம் நாளளவில் உரியத் தொடங்கும், ஒரு வாரத்தில் முடியும். சற்று ஆழமான பீலுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

உரியும் தோலை இழுக்காதீர்கள். தொங்கும் துண்டைச் சுத்தமான சிறு கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். நகத்தால் பிய்த்தால் கீழே இன்னும் ஆறாத தோலும் சேர்ந்து வரும், அந்த இடம் கறுக்கும்.

நாள் கணக்கைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. ஒவ்வொரு காலையும் நேற்றைவிடக் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். முதல் நாள் சரியாக இருந்து இரண்டாம், மூன்றாம் நாளில் கடியும் தடிப்பும் புதிதாகத் தொடங்கினால் அது பூசிய பொருளுக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமைத் தோல் அழற்சி பெரும்பாலும் அப்படித் தாமதித்துத்தான் வரும்.

எல்லோரும் “சிவந்துவிடும்” என்கிறார்கள். என் முகம் சிவக்கவில்லை, கறுத்துவிட்டது. ஏன்?

வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட அறிவுரைகளைத்தான் நாமும் படிக்கிறோம். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் போகலாம்; கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கபில நிறமாகவோ தெரியும். அதனால் நிறத்தை நம்பாமல் கையை நம்புங்கள். தொட்டால் சூடாக இருக்கிறதா, வீங்கி இறுகியிருக்கிறதா, நீர் பட்டால் எரிகிறதா என்று பாருங்கள். “சிவக்கவில்லையே, பரவாயில்லை” என்று மீண்டும் பிளீச் போட்டு வெந்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

எரிவு அடங்கிய பின்னும் நிற்கும் கறுப்பு வேறு விடயம். புண்பட்ட தோல் தன்னைக் காக்க மெலனின் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கிறது. நம் போன்ற நிறத்தவர்களுக்கு இது மிகப் பொதுவானது. மறைவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். ஆனால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையவிடாமல் தடுப்பவை இரண்டு: வெயில், “கறுப்பைப் போக்க” என்று மறுபடியும் செய்யும் பிளீச்.

கற்றாழை பூசலாமா? அம்மா தேசிக்காயும் மஞ்சளும் போடச் சொல்கிறார்.

கற்றாழை பூசலாம், ஆனால் வெட்டும் முறை தெரிய வேண்டும். மடலை வெட்டியதும் தோலின் கீழிருந்து மஞ்சள் பால் வடியும். அது எரிச்சலூட்டும். மடலை நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, பச்சைத் தோலை முற்றாகச் சீவி, நடுவிலுள்ள கண்ணாடி போன்ற சதையைக் கொதித்தாறிய நீரில் கழுவி எடுங்கள். முழங்கையின் உட்புறத்தில் முதலில் தடவி இரண்டு நாள் பாருங்கள். தோல் திறந்து நீர் வடியும் இடத்தில் எதுவானாலும் வேண்டாம்.

தேசிக்காய் வேண்டவே வேண்டாம். அம்மாமார் என்னைக் கோபிக்கக் கூடாது, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேசிச்சாறு கடும் அமிலம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதிலுள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். ஒன்றிரண்டு நாளில் கொப்புளமும் பின்னர் மாதக்கணக்கில் கறுப்பு வடுவும் வரும். தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் வேலை செய்தவர்களின் விரல்களில்கூட இதைக் காணலாம். காலையில் தேசிச்சாறு பூசிக் கழுவிவிட்டு ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் புறப்படும் பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

மஞ்சள் நல்ல தோலுக்குப் பழகியதுதான். ஆனால் கடையில் வாங்கும் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அரைத்த துகள் உரிந்த தோலை உராயும், மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. முகம் ஆறிய பிறகு பார்க்கலாம். சந்தனமும் அப்படியே. தேங்காய் எண்ணெய் வெறும் வறட்சிக்கு உதவும். பரு உள்ளவர்களுக்கு மயிர்க்கால்களை அடைக்கலாம், வெந்த புதிதில் பூசினால் வெக்கையை உள்ளே பிடித்து வைக்கும். பற்பசை, அப்பச்சோடா, முட்டை வெள்ளை இவற்றைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.

“சொறிக்குப் பூசும் கிறீம்” ஒன்று வாங்கிப் பூசினேன், இரண்டே நாளில் பளிச்சென்று ஆனது. தொடர்ந்து பூசலாமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கடைக்கு வெளியே வந்து நின்று பதில் சொல்வேன், அவ்வளவு முக்கியம். நீங்கள் பூசியது பெரும்பாலும் ஸ்டீரொயிட் கிறீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர் குழாயின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும். அழற்சியை உடனே அமர்த்தும், நிறத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்யும். அதனால்தான் அது அற்புத மருந்துபோல் தெரிகிறது.

முகத்தோல் மருந்தை மிக விரைவாக உறிஞ்சும். முன்கையின் தோல் உறிஞ்சும் ஸ்டீரொயிட்டின் அளவை ஒரு பங்கு என்று வைத்தால், நெற்றி ஏறத்தாழ 6 பங்கும் தாடை 13 பங்கும் உறிஞ்சும் என்று 1960களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நரம்புபோல் இரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், பெண்களுக்கும் கன்னத்தில் மயிர் வளரும். நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக எரியும். எரிவதால் மீண்டும் பூசுவார்கள். இந்தச் சுழலில் இரண்டு, மூன்று வருடம் சிக்கியவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

இரண்டு நாள் மட்டும் பூசியிருந்தால் இன்றே நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் வைத்தியரிடம் போங்கள். படிப்படியாகக் குறைக்க அவர் வழி சொல்வார். முகத்துக்கு ஸ்டீரொயிட் தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் போன்ற மென்மையானதை, சில நாட்களுக்கு மட்டும், வைத்தியர் சொன்னபடி பூச வேண்டும். பங்கசுக்கும் பக்றீரியாவுக்கும் எதிரான மருந்துகளும் ஸ்டீரொயிட்டும் சேர்த்து ஒரே குழாயில் வரும் கலவைக் கிறீமைத் தோழியிடம் கடன் வாங்கிப் பூசாதீர்கள்.

அழகு நிலையத்தில் லேபிள் இல்லாத சிறு டப்பாவில் “நைட் கிறீம்” தந்தார்கள். பூசலாமா?

வேண்டாம். லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட்டோ, நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோனோ, பாதரசமோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகும். சிறுநீரக நோய் எத்தனை வீடுகளைச் சாய்த்திருக்கிறது என்பதை வவுனியாக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பூச்சுகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2020 உடன் நிறுத்த வேண்டும் என்றது. இலங்கையும் அதில் ஒப்பமிட்ட நாடு. ஆனாலும் பயணப் பைகளில் வருவதை யார் பார்ப்பது? “தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்” என்று எந்த டப்பாவிலாவது எழுதியிருந்தால் அதைக் கையாலும் தொடாதீர்கள். பாதரசம் நகையைக் கெடுக்கும் என்பதால் எழுதப்பட்ட எச்சரிக்கை அது.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. வெயிலை எப்படிச் சமாளிப்பது?

சூரியன் ஆண்டுக்கு இரண்டு தடவை வன்னிக்கு நேர் உச்சியில் வருகிறது: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் இறுதியில் ஒருமுறை. இடைப்பட்ட மாதங்களில் சோளகக் காற்று தோலின் ஈரத்தை இழுக்கும், கிரவல் தெருப் புழுதி வேறு. முடிந்தால் லேசரையும் பீலையும் இந்தக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாரி தொடங்கிய பின், ஐப்பசி கார்த்திகையில், முகத்துக்கு ஓய்வு கிடைக்கும்.

முதல் மூன்று நாள் தோல் திறந்திருக்கும்போது சன் கிறீம்கூட எரியலாம். அப்போது குடையும் அகலமான தொப்பியும் நிழலும்தான் மருந்து. ஸ்கூட்டியில் போகிறவர்கள் முகத்தைத் துப்பட்டாவால் இறுக்கிச் சுற்றினால் வியர்வையும் உராய்வும் சேர்ந்து இன்னும் நோகும். மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகப் போட்டு, கண்ணாடி உள்ள தலைக்கவசத்தை அணியுங்கள். தலைக்கவசத்தின் நாடாவையும் உட்பஞ்சையும் கழுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தாடையில் வரும் பருக்களுக்கு அது அடிக்கடி காரணம்.

தோல் மூடியபின் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன் கிறீம். எரிவு சுபாவம் உள்ளவர்களுக்கு சிங்க் ஒக்சைட் உள்ளது பொருந்தும். தோல் நிறத்திலேயே வரும், இரும்பு ஒக்சைட் சேர்ந்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கச் செய்யும். அந்த நிறம் அதைத் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் அரைத் தேக்கரண்டி, வெளியில் நிற்பவர்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பஸ்ஸின் யன்னல் கண்ணாடி ஊடாகவும் கதிர் வரும்.

வயலில் நிற்பவர்களுக்கு ஒரு சொல். அறுவடை, சூடடிப்பு நாட்களில் நெல்லின் சுணை பறக்கும். உரிந்த முகத்தில் அது பட்டால் நரக வேதனை. பீல் செய்திருந்தால் அந்த வாரம் களத்துக்குப் போகாதீர்கள்.

நாளை மறுநாள் கோயிலில் பொங்கல். போகலாமா? விபூதி, சந்தனம்?

போங்கள். அடுப்புக்கு அருகில் நிற்காமல் தள்ளி நின்று கும்பிடுங்கள். நெருப்பின் வெக்கை எரிவை மீண்டும் கிளப்பும். வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசி வெயிலில் வரிசையில் நிற்கும் எண்ணம் இருந்தால் குடை எடுங்கள். விபூதி சாம்பல், காரத்தன்மை உள்ளது. நெற்றி ஆறும்வரை கையிலோ கழுத்திலோ இட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுப் பொட்டையும் ஒரு வாரம் தவிருங்கள்.

வக்ஸ் எடுத்தபோது மேலுதட்டில் தோலே கழன்று வந்துவிட்டது.

சூடு பட்டதென்றால் உடனே 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், பிறகு வசிலின். இரண்டு நாள் வசிலின் காயாமல் பார்த்துக்கொண்டால் பொருக்குக் கட்டாமல் ஆறும். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள்.

சூடில்லாமலே தோல் வந்ததென்றால் நீங்கள் பருவுக்கு அடபலீன், ட்ரெட்டினோயின் போன்ற எதையாவது பூசுகிறீர்களா என்று யோசியுங்கள். அவை மேலடுக்கை இளக்கிவிடும். வக்ஸுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்களும், அதை முடித்து ஆறு மாதம் ஆகாதவர்களும் முகத்தில் வக்ஸ் எடுக்கவே கூடாது. இதை நிலையத்தார் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

எப்போது வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்?

உதடு, நாக்கு, கண் இமை வீங்குகின்றன, மூச்சு இழுக்கிறது, உடம்பெல்லாம் தடிப்பு எழுகிறது, தலை சுற்றுகிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தமிழில் பேசலாம், வீதியில் தெரியும் அடையாளத்தைச் சொல்லுங்கள்.

அன்றைக்குள் வைத்தியரிடம் போக வேண்டியவை: இரண்டாம் நாளுக்குப் பின் கூடிக்கொண்டு போகும் வலி, மஞ்சள் சீழ், தேன் நிறப் பொருக்கு, காய்ச்சல், கண்ணில் வலி அல்லது பார்வை மங்கல், வெளிறி மரத்துப்போன அல்லது சாம்பல் நிறமான இடம், பெரிய கொப்புளங்கள்.

உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழுந்து சுரீரென்று வலித்தால் அது ஹெர்பீஸ் வைரசாக இருக்கலாம். முன்பு எப்போதோ வந்து உடலில் உறங்கிக் கிடப்பதை பீலும் லேசரும் எழுப்பிவிடும். அதற்கான மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன், ஸ்டீரொயிட் பூசினால் பரவும். முன்பு உங்களுக்கு அப்படி வந்திருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள்; தடுப்பு மாத்திரை தருவார்கள்.

என் கன்னத்தில் 2009இல் எறிகணை பட்ட வடு இருக்கிறது. அழகு நிலையத்தில் பீல் செய்து மங்கச் செய்யலாம் என்கிறார்கள்.

உங்கள் ஆசை நியாயமானது. கண்ணாடி பார்க்கும் ஒவ்வொரு காலையும் அந்த நாள் திரும்பி வராமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? ஆனால் இதை அழகு நிலையத்தில் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வடுத்தோல் சாதாரணத் தோல் இல்லை. தீக்காய வடுவிலும் தோல் ஒட்டுப் போட்ட இடத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. பீலுக்குப் பின் ஆறுவதற்கான புதிய கலங்கள் அந்தச் சுரப்பிகளிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும்தான் கிளம்பி வருகின்றன. அவை இல்லாத இடத்தில் சிறு எரிவுகூட ஆறாப் புண்ணாகலாம். நம் மக்களில் சிலருக்கு வடு புடைத்து வளரும் கீலொயிட் இயல்பும் உண்டு. மார்பிலோ தோளிலோ காது குத்திய இடத்திலோ உங்களுக்கு அப்படிப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வடுவைக் குத்துவதும் சுரண்டுவதும் அதைப் பெரிதாக்கும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. தோலுக்குள் இன்னும் சன்னத் துண்டுடன் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கி இறுக்கும் கருவிகளை உலோகம் உள்ள இடத்துக்கு மேல் வைத்தால் உலோகம் சூடேறி உள்ளேயே சுடும். வலி இல்லை, மறந்தே போயிற்று என்றாலும் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக் அல்லது பிளாஸ்டிக் சத்திர சிகிச்சைப் பிரிவுதான் இதற்குரிய இடம். வெளிநோயாளர் பிரிவில் கடிதம் வாங்கிப் போகலாம். அதுவரை வடுவுக்கு ஈரப்பூச்சும் வெயில் காப்பும் செய்துகொண்டிருங்கள், அவையே ஓரளவு மங்கச் செய்யும்.

மகளுக்குச் சாமத்திய வீடு. பன்னிரண்டு வயது. ஒரு பிளீச் மட்டும் செய்யலாமா?

செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து மாமாமார் வருவார்கள், வீடியோ எடுப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். பன்னிரண்டு வயதுத் தோல் மெல்லியது, அதற்கு பிளீச் தேவையே இல்லை. அந்த வயதில் “உன் நிறம் போதாது” என்று நாம் சொல்லாமல் சொல்லும் செய்தி முகத்தின் எரிவைவிட நீண்ட நாள் நிற்கும்.

கர்ப்பமாக இருக்கிறேன். முகம் எரிகிறது, என்ன பூசலாம்?

குளிர் ஒத்தடம், வசிலின், மணமில்லாத ஈரப்பூச்சு, சிங்க் ஒக்சைட் சன் கிறீம். ரெட்டினோல் வகைகளும் (அடபலீன், ட்ரெட்டினோயின் போன்றவையும்) ஹைட்ரோகுயினோனும் வேண்டாம். மாத்திரை எதுவானாலும் கிளினிக்கில் கேட்டு எடுங்கள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. முகம் உரிகிறது. என்ன வழி?

முதல் வழி, பயத்தில் இன்னொரு பேசியல் செய்யாமல் இருப்பது. மூன்று நாள் ஒத்தடமும் ஈரப்பூச்சும், தலையணை உறையைத் தினமும் மாற்றுதல், வெளியே போகாதிருத்தல். ஐந்து நாளில் மேலோட்டமான உரிவு பெரும்பாலும் அடங்கிவிடும். அன்று ஒப்பனைக்கு முன் ஈரப்பூச்சைத் தடவி 15 நிமிடம் விடச் சொல்லுங்கள். ஒப்பனை செய்பவரிடம் சுத்தமான தூரிகையும் பஞ்சும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நீர் வடியும் இடத்தில் மட்டும் எதையும் பூச வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் இனிமேல் கல்யாணம் உள்ளவர்கள்: புதிய எதையும் கடைசி இரண்டு வாரத்தில் செய்யாதீர்கள். பீல், லேசர் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பு. எதைப் பூசுவதானாலும் காதின் பின்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். இந்த ஒரு பரிசோதனையை இலவசமாகச் செய்து தரும் நிலையத்தாரை நம்பிப் போகலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் எத்தனையோ பெண்கள் இந்தத் தொழிலைக் கற்று, நேர்மையாகச் செய்கிறார்கள். அவர்களிடம் கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

வைத்தியரிடம் போக வெட்கமாக இருக்கிறது. “ஏன் இதெல்லாம் செய்தாய்” என்று ஏசுவாரே?

ஏசினாலும் ஏசட்டும், மருந்து தருவார். இதைவிட எத்தனையோ பார்த்தவர்கள் அவர்கள். வெட்கத்தால் ஒரு வாரம் துப்பட்டாவுக்குள் ஒளிந்திருந்து, அந்த வாரத்தில் நாலு கிறீம் பூசி, பிறகு வருவதுதான் கஷ்டம்.

போகும்போது, பூசிய பொருளின் டப்பாவையோ அதன் படத்தையோ எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து என்ன பொருள், எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்து தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இருந்தால் வைத்தியருக்கு மிகவும் உதவும். பிறகு நீங்களாகப் பூசிய எல்லாவற்றையும், தேசிக்காய் உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். அன்று காலை முகத்தில் பவுடரோ கிறீமோ பூசாமல் போங்கள். பூச்சுக்கு அடியில் இருப்பதை அவரால் பார்க்க முடியாது.